சோத்தாங்கை மிட்டு

ஆம்பூர்
1931 மார்ச் 4

அன்பு மகள் சலோமிக்கு அப்பா எழுதுவது.

இங்கே நானும் உன் அம்மாவும் உன் தங்கை சுந்தரியும் கர்த்தருடைய தயவால் சுகமாயிருக்கிறோம், பசுவையும் சேர்த்து எழுதும்படி உன் அம்மா சொல்வதால் அதுவும் சுகம். அந்தக் குளிர்தேசத்தில் நீயும் சுகமாயிருக்க வேண்டுமென்று இரவு ஜெபத்தில் கேட்டுக்கொள்கிறோம். நீ கம்பளிக் காலுறை போடுகிறாயா என்பதை உன் அம்மா உன்னிடம் கேட்டு எழுதச் சொல்லாமல் நேரே ஆண்டவரிடமே கேட்டுவிடுகிறாள், தபாலைவிட அது சீக்கிரம் போய்ச் சேருகிறதாம்.

முதலாவதாக ஒரு முக்கியமான செய்தி. ஜனவரி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்தபின் நம் வீட்டு மேசையைச் சுற்றி நடந்த கூட்டத்தில், பந்து பிடிக்க நீ கையில் மாட்டிக்கொள்ளச் செய்யும் மிட்டுக்கு ஆட்டுத் தோலும் வேண்டாம் எருமைத் தோலும் வேண்டாம், இளங்காளையின் முதுகுத் தோலே தகுந்தது என்று தீர்மானம் நிறைவேறியது. லண்டனில் வட்டமேசை போட்டுப் பெரிய மனிதர்கள் வாரக்கணக்கில் பேசியும் ஒன்றும் முடியவில்லை என்று பத்திரிகையில் படித்தேன், நம்முடையது சதுர மேசை, மத்தியானச் சாப்பாட்டுக்குள் முடிந்துவிட்டது. ஆட்டுத் தோல்தான் வேண்டுமென்றவள் உன் அம்மா, பெண்பிள்ளை கைக்கு மெத்தென்று இருக்குமாம். எருமைத் தோல் என்று மேசையைத் தட்டியவர் பஜாரில் குதிரைச் சேணம் தைக்கும் அமீர் பாஷா, 'எருமைன்னா ரைட்டரய்யா, குதிரையே இழுத்தாலும் பிய்யாது' என்றார். உன்னைக் குதிரை இழுக்கப்போவதில்லை என்று நான் சொன்ன பிறகே அவர் இறங்கிவந்தார். கூட்டத்தின் முடிவைத் தோல் பதனிடும் நம் டேனரியின் முதலாளி அப்துல் சமத் சாயபுவிடம் தெரிவித்தேன், அவர் தம் கணக்குப் பிள்ளையான என்னை நம்பினாலும் என் தோல் அறிவை நம்புகிறவர் அல்ல, தாமே கிடங்குக்கு வந்து சீமைக்குப் போகிற அடுக்கைக் கலைத்து ஒவ்வொன்றாய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். உண்ணி கடித்த தழும்பு உள்ளது ஒதுக்கப்பட்டது, சூடு போட்ட குறி உள்ளது ஒதுக்கப்பட்டது. மடித்து விரலால் அழுத்தினால் சுருக்கம் மெல்லிய கோடாக விழுந்து, விட்டதும் மறைய வேண்டுமாம், வயிற்றுப் பக்கத்துத் தோல் நாளாக ஆக இழுத்துக்கொண்டு தொங்கிவிடுமாம், ஆகவே முதுகுதான். கடைசியில் ஒன்றைத் தூக்கி என் தோளில் போட்டு, 'தானியேலு, நம்ம சலோமி கைக்குப் போறதுல ஒரு கத்திக் காயம் இருந்தாலும் ஆம்பூருக்கே கேவலம்' என்றார். விலையைப் பற்றி வாய் திறந்தேன், அவர் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

இந்தக் கூட்டம் கூடக் காரணமான உன் கடிதத்தை நான் எல்லோருக்கும் விளங்கும்படி வாசித்துக் காட்டியிருந்தேன். நீ விளையாட்டு வாத்தியாரம்மாவாகப் படிக்கப் போயிருக்கிறாய், ஆகையால் அந்த ஊர் ஆட்டம் எல்லாம் ஆடித்தான் ஆகவேண்டும், பேஸ்பால் என்பது மூலைக்கு மூலை ஒரு பை வைத்து, பந்தை அடித்துவிட்டுப் பை பையாக ஓடும் ஆட்டம், முதல் பையருகே நிற்பவளுக்கு மற்றவர்கள் நாலு பக்கத்திலிருந்தும் எறிகிற பந்தையெல்லாம் பிடிப்பதே வேலை என்று சொன்னேன். 'அத்தினி பேரு எறியறதையும் எம் பொண்ணுதான் புடிக்கணுமா, அந்த தேசத்துல வேற ஆளே இல்லியா' என்று உன் அம்மா கேட்டாள். கல்லூரியிலுள்ள மிட்டெல்லாம் இடது கையில் மாட்டுகிறவை, உனக்கு வேண்டியதோ வலது கையில் மாட்டுவது, அது அங்கே தனியாகச் சொல்லிச் செய்தால்தான் உண்டு, அந்தச் செலவு உனக்குக் கட்டுப்படியாகாது என்று எழுதியிருந்தாய். மே மாதப் பந்தயத்துக்குள் மிட்டு வந்தால் முதல் பையருகே நிற்பாய், வராவிட்டால் பெஞ்சில் உட்கார்ந்து மற்றவர்கள் எடுத்த ஓட்டங்களைக் குறித்துக்கொண்டிருப்பாய் என்றும் எழுதியிருந்தாய். மற்றவர்கள் செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து குறிக்கும் உத்தியோகத்தை நான் வெகுகாலமாகப் பார்த்துவருகிறேன், குடும்பத்துக்கு ஒருவர் போதும். கடிதத்தின் கடைசியில் இன்னொரு வரி இருந்தது, அந்தப் பெண்கள் உன்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுவது அந்த மைதானத்தில் மட்டுந்தான் என்று. அதை நான் வாசிக்கவில்லை, மடித்து வைத்துவிட்டு அமீர் பாஷாவுக்கு ஆள் அனுப்பினேன்.

இவ்வளவையும் கேட்டதில் உன் அம்மா மனதில் தங்கியது ஒன்றே ஒன்று. 'பாத்தீங்களா, அத்தினி பேரும் பீச்சாங்கைய நீட்டி வாங்குதுங்க, எம் பொண்ணு ஒருத்திதான் சோத்தாங்கைய நீட்டுறா, நான் வளத்த வளப்பு எங்க போனாலும் மாறாது' என்றாள். உனக்கு ஐந்து வயதில் எல்லாவற்றுக்கும் இடது கை முந்திக்கொண்டு வந்ததும், அதைச் சிவப்புக் கரை போட்ட துணிப்பட்டியால் இடுப்போடு கட்டி வைத்து அவள் உன்னை வலது கைக்குத் திருப்பியதும் உனக்கு மறந்திருக்காது. இப்போது சுந்தரிக்கும் அதே வழக்கம் தொடங்கியிருக்கிறது, ஏழு வயதாகிறது, பலகையில் எழுத உட்கார்ந்தால் இடது கை, சோற்றுத் தட்டின் முன் உட்கார்ந்தால் இடது கை, ஆகவே பெட்டியின் அடியிலிருந்து அதே பட்டி வெளியே வந்திருக்கிறது. எழுதும்போதும் சாப்பிடும்போதும் கட்டு, மற்ற நேரம் விடுதலை. உன் விஷயத்தில் என் அபிப்பிராயம் கேட்கப்படவில்லை, சுந்தரி விஷயத்திலும் அந்த முறை மாறவில்லை. உன் மிட்டின் புகழை உன் அம்மா கிணற்றடியில் சொன்னாள், பிறகு மாதர் கூட்டத்தில் சொன்னாள், அங்கிருந்து அது போதகர் ஐயா காதுக்குப் போய், அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில், உலகமே இடது கையால் வாங்கும் தூரதேசத்தில் நம் சபையின் மகள் ஒருத்தி வலது கையை நீட்டி நிற்கிறாள் என்று அவர் சொல்ல, சபையார் திரும்பி எங்கள் பெஞ்சைப் பார்த்தார்கள். நியாயத்தீர்ப்பு நாளில் வெள்ளாடுகள் இடது பக்கம் நிறுத்தப்படும் என்றும் அவர் நினைவூட்டினார். ஆட்டுத் தோலைத் தள்ளிவிட்டது எவ்வளவு நல்லதாய்ப் போயிற்று என்று எண்ணிக்கொண்டேன்.

கல்லூரி மிட்டை வைத்து நீ கோடு வரைந்து அனுப்பிய காகிதத்தைத் திருப்பிப் போட்டு வெட்டச் சொல்லி அமீர் பாஷாவிடம் கொடுத்தேன். கட்டைவிரலுக்கு ஒரு பக்கம், மற்ற நாலு விரலுக்கும் சேர்த்து ஒரே பக்கமாக இருந்ததை அவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, 'இன்னா ரைட்டரய்யா, குதிரை மூஞ்சில கட்டற கொள்ளுப் பை மாதிரி கீதே, விரலுக்கெல்லாம் வழியே காணோம்' என்றார். கொள்ளுப் பைக்கும் இதற்கும் வேலை ஒன்றுதான், வருவது வெளியே சிந்தக் கூடாது என்றேன், அதற்குப்பின் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஆனால் நடுவில் பஞ்சு வேண்டாம், ஓரத்திலும் மணிக்கட்டுப் பக்கத்திலும் மட்டும் திண்டு போட வேண்டும் என்று நீ எழுதியிருந்ததை அவர் ஒப்புக்கொள்ளவில்லை. 'அடி படற எடத்துல ஒண்ணும் வெக்காம, படாத எடத்துல மெத்தையா? யாராவது கேட்டா சிரிப்பாங்க' என்று சொல்லி நடுவில் தாராளமாக அடைத்துக் கொண்டுவந்தார். பள்ளிக்கூடத்தில் கிரிக்கெட் பந்து ஒன்று இரவல் வாங்கி அதில் எறிந்து பார்த்தோம், மிட்டில் பட்ட வேகத்தில் திரும்பி வந்து அவர் நெற்றியிலேயே பட்டது. அன்று மாலையே பிரித்தார். இரண்டாம் தரம் தைத்தது அசல், நடுவில் குழிவு, சுற்றிலும் சேணத்துக்குப் போடும் கம்பளித் திண்டு, கட்டைவிரலுக்கும் மற்ற பக்கத்துக்கும் நடுவே வலை மாதிரி வார். அந்த வார் மட்டும் ஆட்டுத் தோல், உன் அம்மா கட்சியும் முழுத் தோல்வி அடையவில்லை.

தைத்து முடித்தால் பாதி வேலைதான் என்று நீ எழுதியிருந்தது உண்மை. கையில் மாட்டினால் பலகையை மாட்டியதுபோல இருந்தது, மூடவும் வரவில்லை திறக்கவும் வரவில்லை. எந்த எண்ணெய் என்பதில் மறுபடி கட்சி பிரிந்தது, சாயபு டேனரியில் தடவும் புங்க எண்ணெய் என்றார், உன் அம்மா தேங்காயெண்ணெய் என்றாள், அமீர் பாஷா, 'விளக்கெண்ணெய், அதுவும் கம்மியா, ஜாஸ்தி ஊத்தினா தோல் ஊறிப்போய்க் கனத்துடும்' என்றார். விளக்கெண்ணெயைத் தொட்டுத் தொட்டுத் தேய்த்து இளவெயிலில் வைத்தோம், அதன் வாசனை பிடித்துப்போய்ப் பக்கத்துத் தெரு நாய் ஒன்று மிட்டைக் கவ்விக்கொண்டு பாலாற்றுப் பக்கம் ஓடியது, டேனரி ஆட்கள் நால்வர் துரத்தி மீட்டார்கள். நாய் மென்ற இடந்தான் முதலில் இளகியது என்பதை உள்ளபடி எழுதுகிறேன், கட்டைவிரல் ஓரத்தில் சிறிய பல் தடம் தெரியும், தையற்காரர் குற்றம் என்று நினைக்க வேண்டாம்.

மீதியைப் பந்து எறிந்து பிடித்துத்தான் பழக்க வேண்டும். பிப்ரவரி மாதம் ஒரு மாலை கொல்லையில் அதற்கு ஏற்பாடாயிற்று. நான் வலது கையில் மிட்டை மாட்டிக்கொண்டு, பிடித்த பந்தை இடது கையால் திருப்பி எறிந்தேன், அது என் முதுகுக்குப் பின்னால் பசுவின் தொட்டியில் விழுந்தது. அமீர் பாஷா வாங்கி மாட்டி எறிந்தார், கூரைமேல் போயிற்று, ஏறி எடுத்தோம். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது எழுதிக்கொண்டிருந்த சுந்தரி பலகையோடு எழுந்து வந்து, 'அப்பா, நான் ஒரு வாட்டி போடறேனே' என்றாள். இடது கை இடுப்போடு கட்டியிருந்தது. 'கையக் கட்டிக்கினு எப்டிம்மா ஆடுவே' என்று அமீர் பாஷா சிரித்தார். எவராலும் அவிழ்க்க முடியாது என்று உன் அம்மா நம்பியிருக்கும் முடிச்சு, அதைச் சுந்தரி வலது கையால் பிடித்து இடப்பக்கம் ஒரே இழுப்பு இழுத்தாள், பட்டி கழன்று காலடியில் விழுந்தது. மிட்டை மாட்டினாள், முழங்கை வரைக்கும் ஏறிக்கொண்டது, அமீர் பாஷா மெதுவாகப் போட்ட பந்தைப் பிடித்தாள், பிடித்ததை இடது கையால் எடுத்து எறிந்தாள், அது நூல் பிடித்ததுபோல் வந்து அவர் உள்ளங்கையில் பட்டது, அவர் கையை உதறிக்கொண்டு குதித்தார். 'அடேங்கப்பா, பீரங்கியையா கட்டிப் போட்டு வெச்சிருந்தீங்க? மிட்டுக்காரிய வூட்லயே வெச்சிக்கினு நாம ரெண்டு பேரும் பேஜார் பட்டுக்கினு கீறோம்' என்றவர், அதோடு நிறுத்தியிருக்கலாம். 'பெரிய பாப்பாவும் இப்டித்தான எறியும்? சோத்தாங்கையில மிட்டு மாட்டிக்கினா எறியறது பீச்சாங்கைதானே, மூணாவது கை ஏது' என்றார். உன் அம்மா முறத்தோடு கொல்லைக் கதவருகே நின்றிருந்தாள்.

அன்று இரவு ரசத்தில் உப்பு இல்லை. மறுநாள் மத்தியானம் நான் சாப்பிட உட்கார்ந்ததும், 'உங்களுக்கு முன்னாடியே தெரியுமா' என்று கேட்டாள். எனக்கும் கை இரண்டுதான், எண்ணிப் பார்த்திருந்தேன் என்றேன். 'அப்போ அங்க போனதும் பழையபடி ஆயிட்டா. நான் பட்ட பாடெல்லாம் தண்ணில போட்டுட்டா' என்றாள். குழம்பை ஊற்றிக்கொண்டே, 'போதகர் ஐயா கிட்ட இன்னான்னு சொல்றது' என்றாள். அவர் சொன்னதில் ஒரு எழுத்தும் பொய்யில்லை, சலோமி வலது கையால்தான் வாங்குகிறாள், கொடுப்பதைப் பற்றி அவர் பிரசங்கம் செய்யவில்லை என்றேன். அதற்கு அவள் சிரிக்கவில்லை. மிட்டை அப்படியே மூட்டை கட்டிப் போட்டுவிடுவாளோ என்று எனக்கு உள்ளுக்குள் பயம்தான், அவள் தயவில்லாமல் இந்த வீட்டில் ஒன்றும் வாசற்படி தாண்டாது. ஆகவே வாசிக்காமல் மடித்து வைத்த வரியை எடுத்து வாசித்தேன், அந்த மைதானத்தில் மட்டுந்தான் உன்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்ற வரியை. மறுபடி வாசிக்கச் சொன்னாள், வாசித்தேன். மற்ற இடத்தில் என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று கேட்டாள், அது கடிதத்தில் இல்லை என்றேன். எழுந்து என் தட்டை எடுத்தாள், நான் சாப்பிட்டு முடித்திருக்கவில்லை. 'பந்த எங்க வெச்சீங்க' என்றாள்.

அன்று மாலை இரண்டாவது தீர்மானம் அறிவிக்கப்பட்டது, இதற்குக் கூட்டம் கூட்டப்படவில்லை. மிட்டு பழகுகிற வரைக்கும், அக்காவுக்காக மட்டும், சாயங்காலத்தில் விளக்கு வைக்கும் வரைக்கும் சுந்தரியின் கை அவிழ்த்து விடப்படும், இதை யாரும் வழக்கமாக நினைத்துக்கொள்ளக் கூடாது. எதிரே நின்று பந்து எறிந்தவர் யார் என்று நீ ஊகிக்க மாட்டாய். அமீர் பாஷாவுக்குக் கடை இருக்கிறது, எனக்குக் கண் அவ்வளவு போதாது, உன் அம்மாதான் முந்தானையைச் செருகிக்கொண்டு எறிந்தாள், வலது கையால்தான். முதல் இரண்டு நாள் பூப் போடுவதுபோல் போட்டாள், மூன்றாம் நாளிலிருந்து சுந்தரி, 'இன்னாம்மா, அக்காவுக்கு அங்க இப்டியா போடுவாங்க, வேகமா எறி' என்று ஏச, அவள் எறிந்த எறியில் மிட்டு அறைந்த சத்தம் தெருவரைக்கும் கேட்டது. தோல் நாளுக்கு நாள் இளகி, பந்து விழுந்தால் தானாக மூடிக்கொள்ளும் பதத்துக்கு வந்தது. சாயபு ஒருநாள் வந்து நின்று பார்த்துவிட்டு, தோலைத் தடவி, இரண்டு தரம் தலையை ஆட்டிவிட்டுப் போனார், சீமை வியாபாரிகளிடம் அவர் ஒரு தரத்துக்குமேல் ஆட்டி நான் பார்த்ததில்லை.

மற்ற சமாசாரங்கள், ஒடுகத்தூர் மாமா வீட்டில் இந்த வருஷம் வேர்க்கடலை நல்ல விளைச்சல், ஒரு மூட்டை அனுப்பியிருக்கிறார். வறுத்து மிட்டைச் சுற்றிலும் பார்சலில் அடைக்க வேண்டுமென்று உன் அம்மா பிடிவாதம் பிடித்தாள், பந்தாட்டத்துக்கும் வேர்க்கடலைக்கும் என்ன சம்பந்தம் என்று நான் சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை, ஆட்டம் பார்க்க வருகிறவர்களுக்குக் கொடு. பாலாற்றில் தண்ணீர் மணலுக்குக் கீழே போய்விட்டது. எதிர்வீட்டு ஹலீமா பீ மகளுக்கு வாணியம்பாடியில் சம்பந்தம் நிச்சயமாயிருக்கிறது, உன்னை விசாரித்தார்கள், நீ அங்கே வெள்ளைக்காரிகளோடு சண்டை பழகுகிறாய் என்று எப்படியோ கேள்விப்பட்டிருக்கிறார்கள், நான் மறுக்கவில்லை. படிப்பைக் கவனி, ஆட்டத்தில் முட்டியைச் சிராய்த்துக்கொண்டால் மறைக்காமல் எழுது, மழையில் நனைந்த மிட்டை அடுப்புப் பக்கத்தில் உலர்த்தாதே, தோலும் மனிதரைப்போல அவசரமாகக் காய்ந்தால் வெடித்துப்போகும்.

கட்டிய விதத்தையும் எழுதிவிடுகிறேன். பார்சல் போகும்போது குழிவு நசுங்காமலிருக்க நடுவில் ஒரு பந்தை வைத்து மிட்டை மூடி இறுக்கிக் கட்டவேண்டும், கயிறானால் தோலில் தடம் விழும், அகலமான துணி வேண்டும் என்று அமீர் பாஷா சொன்னார். உன் அம்மா சுற்றிலும் பார்த்துவிட்டு, 'வேற துணி ஏது இந்த வூட்ல' என்று சொல்லிச் சிவப்புக் கரைப் பட்டியைக் கொண்டுவந்து தானே சுற்றித் தானே முடிச்சுப் போட்டாள். பரண்மேல் பழந்துணி மூட்டை ஒன்று இருப்பது எனக்குத் தெரியும், அந்தச் சமயம் நான் பந்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பார்சல் சென்ற வியாழக்கிழமை மதராஸ் ரயிலில் ஏறியது, ஏப்ரல் நடுவில் உன் கைக்கு வரும் என்று தபாலாபீசில் சொல்கிறார்கள், பந்தயத்துக்குள் இன்னும் கொஞ்சம் பழக்கிக்கொள்ள நாள் இருக்கும்.

பந்து பள்ளிக்கூடத்துடையது, திரும்பி வரும்போது மறக்காமல் கொண்டு வா. முடிச்சைக் கத்தரியால் வெட்டாதே, இடப்பக்கம் ஒரு இழுப்பு இழுத்தால் அவிழும், உனக்குத் தெரியாததல்ல. எறிகிறவர்கள் யாராயிருந்தாலும் உன் கைக்கு நேராக எறியும்படியும், அவர்கள் உன்னை எல்லா இடத்திலும் பேர் சொல்லிக் கூப்பிடும்படியும் ஆண்டவர் செய்வாராக. உன் அம்மாவும் சுந்தரியும் ஆளுக்கொரு முத்தம் இதில் வைத்திருக்கிறார்கள்.

உன்னை நினைத்துக்கொண்டேயிருக்கும்
அப்பா
தானியேல்

மறந்துபோனது: பட்டி பார்சலோடு போய்விட்டதால் சுந்தரி இப்போது இடது கையால் எழுதுகிறாள்.